நாயோ பூனையோ வீட்டுக்கு வருவதற்கு முன்னால்: காப்பகமா, பிரீடரா?

சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ முடிவு வந்த சூட்டோடு, "பிள்ளைக்கு வாக்குக் கொடுத்துட்டோம், நல்ல நாய்க்குட்டி எங்க கிடைக்கும்?" என்று யாராவது வாட்ஸ்அப் குழுவில் கேட்பார்கள், உடனே இரண்டு அணி பிரிந்துவிடும். காசு கொடுத்து உயிரை வாங்குவது பாவம், தத்து எடுத்துக்கொள் என்பது ஓர் அணி. காப்பக நாயெல்லாம் கடிக்கும், யாரோ வேண்டாம் என்று விட்டதை நாம் ஏன் தலையில் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது மற்றது. வேடிக்கை என்னவென்றால் இரண்டு அணியில் ஒருவர்கூட, கேட்டவர் எந்த மாதிரி வீட்டில் இருக்கிறார், பகலில் வீட்டில் யார் இருப்பார்கள் என்று கேட்டிருக்கமாட்டார்.

நான் தத்து எடுக்கிற பக்கம்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் வாங்குவதே பொருத்தம் என்கிற வீடுகளும் இருக்கின்றன, அவர்களைக் குற்றவாளி மாதிரி நடத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. எந்த வழியில் போனாலும் இரண்டு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்: கொடுக்கிறவர் உங்களைக் கேள்வி கேட்கிறாரா, ஒத்துவராவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்ள ஒப்புக்கொள்கிறாரா. இந்த இரண்டுக்கும் ஆம் என்றால் காப்பகமோ, இனப்பெருக்கம் செய்து விற்கிற பிரீடரோ, பாதி வேலை முடிந்தது. "கார்டா, பேநவ்வா" என்று மட்டும் கேட்கிறவரிடமிருந்து வெளியே வந்துவிடுங்கள்.

முதலில் வீட்டைப் பாருங்கள்

சிங்கப்பூரில் இந்தக் கேள்விக்குப் பாதிப் பதிலை அரசு அடுக்குமாடி வீடுகளை நடத்துகிற வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அதாவது வீவக, சொல்லிவிடுகிறது. வீவக வீட்டில் ஒரு நாய்தான் வைத்துக்கொள்ளலாம், அதுவும் அனுமதிக்கப்பட்ட 62 இனங்களில் ஒன்றாக இருக்க வேண்டும். ஷி ட்சு, மால்டீஸ், டாய் பூடில், பொமரேனியன், சிவாவா, மினியேச்சர் ஷ்னாவ்சர் என்று எல்லாம் சின்ன இனங்கள். கோல்டன் ரிட்ரீவர், கோர்கி, ஷீபா இனு எல்லாம் அந்தப் பட்டியலில் கிடையாது. "எங்க புளோக்கில் ஒருத்தர் கோர்கி வச்சிருக்காரே" என்று சொல்வீர்கள். வைத்திருப்பார், யாராவது புகார் செய்கிற வரைக்கும். பிடிபட்டால் 4,000 வெள்ளி வரை அபராதம் இருக்கிறது, அதைவிடப் பெரிய சங்கடம், குடும்பத்தில் ஒருவராகிவிட்ட நாயை வேறு யாரிடமாவது கொடுத்தே ஆக வேண்டும். காப்பகங்களுக்கு வருகிற சாதி நாய்களில் சில இப்படி வருபவைதான்.

அப்படியென்றால் வீவகவில் இருப்பவர்கள் காப்பகத்து நாட்டு நாயை எடுக்கவே முடியாதா? முடியும். அதற்காகத்தான் அடோர் என்ற திட்டத்தை 2012ல் தொடங்கினார்கள். தெருவில் பிறந்த கலப்பின நாய்களை, இங்கே செல்லமாக 'சிங்கப்பூர் ஸ்பெஷல்' என்கிறோமே அவற்றை, இந்தத் திட்டத்தில் வீவக வீட்டுக்கே அழைத்து வரலாம். தோள் வரைக்கும் உயரம் 55 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது, கருத்தடை செய்து மைக்ரோசிப் போட்டிருக்க வேண்டும், நீங்களும் நாயும் கீழ்ப்படிதல் பயிற்சிக்குப் போக வேண்டும். திட்டத்தில் இருக்கிற விலங்குநல அமைப்புகள் வழியாகத்தான் எடுக்க முடியும்; துவாஸ் பக்கம் லாரி நிறுத்துமிடத்தில் பார்த்த குட்டியை நேராக வீட்டுக்குத் தூக்கி வந்து "அடோர்" என்று சொல்லிவிட முடியாது.

பூனை விஷயம் அண்மையில்தான் மாறியது. பல ஆண்டுகளாக வீவக வீடுகளில் பூனை வளர்க்கத் தடை, ஆனாலும் பாதிப் புளோக்கில் சன்னலோரம் ஒரு வால் தெரியும். 2024 செப்டம்பர் 1 முதல் ஒரு வீவக வீட்டில் இரண்டு பூனை வரை சட்டப்படி வைத்துக்கொள்ளலாம், உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம். முன்பே வளர்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு 2026 ஆகஸ்ட் 31 வரை இடைக்காலம் கொடுத்தார்கள். தனியார் வீடுகளில் நாயும் பூனையும் சேர்த்து மூன்று. வாடகை வீட்டில் இருந்தால் வீட்டுக்காரர் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள், வாய்வார்த்தை குத்தகை புதுப்பிக்கிற நேரத்தில் மறந்துபோகும்.

சட்டம் இவ்வளவுதான். ஆட்கள் கணக்கு இன்னும் முக்கியம், அதைத்தான் யாரும் போடுவதில்லை. இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீடா? காலையில் ஆறு மணிக்கு நாயை யார் கீழே கூட்டிப்போவது? பிள்ளை செய்வான் என்று சொல்லாதீர்கள், உயர்நிலைப் பள்ளிக்குப் போனதும் சிசிஏ எனும் இணைப்பாட நடவடிக்கை முடிந்து ஏழு மணிக்கு வருவான், மிச்சத்தை நீங்களோ பணிப்பெண்ணோதான் செய்வீர்கள். பணிப்பெண்ணிடம் கேட்டீர்களா? நாய்க்குப் பயப்படுகிறவரோ, சமயக் காரணத்தால் தொடத் தயங்குகிறவரோ இருக்கலாம், அவர் தலையில் கட்டிவிட்டு அப்புறம் "சரியா பாத்துக்கலை" என்று திட்டுவது நியாயமில்லை. பாட்டி வீட்டில் இருந்தால் பாட்டியிடமும் பேசிவிடுங்கள், சாமி அறைக்குள் நாய் வருவது பற்றி மட்டும் இல்லை. பாட்டிமார்கள் அன்பை ஊட்டித்தான் காட்டுவார்கள், அந்த அன்பில் வெங்காயம் போட்ட சாம்பார் சோறும் உலர்திராட்சை போட்ட கேசரியும் இருக்கும். வெங்காயமும் பூண்டும் நாய், பூனை இரண்டுக்குமே இரத்தத்தைக் கெடுப்பவை, திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சுத்த சைவ வீடு என்றால் இன்னொன்று: பூனை இறைச்சி தின்றே வாழ வேண்டிய விலங்கு, டாரின் என்ற சத்து கிடைக்காவிட்டால் அதன் கண்ணும் இதயமும் பாதிக்கப்படும். வீட்டுக்குள் மீன் வாசமே ஆகாது என்பவர்கள் பூனை எண்ணத்தை இப்போதே விட்டுவிடலாம்.

டிசம்பரில் ஊருக்குப் போவீர்கள்தானே? மூன்று வாரம் மதுரையிலோ தஞ்சாவூரிலோ கல்யாணம், கோயில் என்று சுற்றும்போது இங்கே நாய் எங்கே இருக்கும்? பள்ளி விடுமுறைக்கு போர்டிங் இடங்கள் முன்கூட்டியே நிரம்பிவிடும், அந்தச் செலவும் விமான டிக்கெட்டோடு சேர்ந்துதான் வரும்.

குட்டியா, வளர்ந்ததா?

காப்பகமா பிரீடரா என்பதைவிட இதுதான் பெரிய கேள்வி என்பது என் கருத்து. பெரும்பாலான வேலைக்குப் போகிற குடும்பங்களுக்கு வளர்ந்த விலங்குதான் பொருந்தும், ஆனால் எல்லோரும் குட்டியைத்தான் கேட்கிறார்கள்.

மூன்று மாதக் குட்டி எப்படி வளரும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதிகம் குரைக்குமா, குழந்தைகளைச் சகித்துக்கொள்ளுமா, தனியாக விட்டால் கதவைப் பிறாண்டுமா, எல்லாம் ஊகம்தான். அதே சமயம் காப்பகத்தில் இருக்கிற நான்கு வயது நாயைப் பற்றி, அதை வாராவாரம் நடக்கக் கூட்டிப்போகிற தொண்டூழியர் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசுவார். மழை இடிக்குப் பயப்படும், ஆண்கள் தொப்பி போட்டிருந்தால் ஒதுங்கும், பூனையைப் பார்த்தால் துரத்தும், சின்னப் பிள்ளைகள் என்றால் உயிர் என்று ஒன்றுவிடாமல் சொல்வார். காப்பக நாயைப் பற்றி ஒன்றும் தெரியாது, குட்டியென்றால் நாம் வளர்த்தபடி வளரும் என்ற பரவலான நம்பிக்கை, வளர்ந்த நாயைப் பொறுத்தவரை கிட்டத்தட்ட தலைகீழ்.

குட்டிக்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கழிப்பிடப் பழக்கம் வேண்டும், இரவிலும் எழ வேண்டும். தடுப்பூசி வரிசை முடிய ஏறக்குறைய நான்கு மாத வயது ஆகும், அதுவரை மற்ற நாய்கள் நடமாடுகிற புல்தரையில் இறக்கிவிட முடியாது. ஆனால் மனிதர், சத்தம், லிஃப்ட், குடை, மிதிவண்டி எல்லாம் பழக வேண்டிய வயதும் அதேதான், சுமார் மூன்றாவது வாரத்திலிருந்து பதினான்காவது வாரம் வரை. ஆக, தூக்கிக்கொண்டே ஊரைச் சுற்றிக் காட்ட ஆள் வேண்டும். அதற்கு நேரம் இருக்கிற வீடு என்றால் தாராளமாகக் குட்டி எடுங்கள். இல்லையென்றால் அது பகலெல்லாம் தனியாகக் கத்தும், பக்கத்து வீட்டு ஆன்ட்டி நகர மன்றத்துக்கு மின்னஞ்சல் எழுதுவார்.

காப்பகத்துக்குப் போகிறவர்களுக்கு

பெரிய இடங்கள் எல்லாம் சுங்கை தெங்கா பக்கம்தான். விலங்குவதைத் தடுப்புச் சங்கமான எஸ்பிசிஏ சுங்கை தெங்கா சாலையில் இருக்கிறது. அதே வட்டாரத்தில் இருக்கும் தி அனிமல் லாட்ஜ் என்கிற வளாகத்தில் எஸ்ஓஎஸ்டி உட்பட பல அமைப்புகளின் காப்பகங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. சுவா சூ காங் பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பரவாயில்லை, பாசிர் ரிஸ்ஸிலிருந்து வருகிறவர்கள் காலையிலேயே கிளம்புங்கள். பெரும்பாலும் முன்பதிவு கேட்பார்கள், சும்மா போய் நின்றால் பார்க்க விடமாட்டார்கள்.

பூனைக்கு வேறு கதை. கேட் வெல்ஃபேர் சொசைட்டி சொந்தமாகக் காப்பகம் நடத்துவதில்லை, தெருப் பூனைகளுக்குக் கருத்தடை, அக்கம்பக்கத்துத் தகராறு, தத்து கொடுக்க உதவி என்று வேலை செய்கிறது. தத்துக்கு இருக்கிற பூனைகளில் பல, ஏதோ ஓர் ஈசூன் வீட்டிலோ பிடோக் வீட்டிலோ தற்காலிகமாக வளர்க்கப்படுபவை. இது உங்களுக்கு நல்லதுதான், ஏனென்றால் வீட்டுச் சூழலில் அது எப்படி நடந்துகொள்கிறது என்று வளர்க்கிறவருக்குத் தெரியும். இடது காது நுனி வெட்டப்பட்ட பூனை என்றால் ஏற்கெனவே கருத்தடை செய்த தெருப் பூனை என்று அடையாளம், காயம் என்று நினைத்துப் பயப்படாதீர்கள்.

அங்கே போனதும் உங்களை விசாரணை செய்வார்கள். எத்தனை பேர் வீட்டில், எத்தனை மணி நேரம் தனியாக இருக்கும், முன்பு வளர்த்த நாய் என்ன ஆனது, குழந்தை பிறந்தால் என்ன செய்வீர்கள், வீட்டுக்காரர் சம்மதம் இருக்கிறதா என்று கேட்பார்கள். சிலர் வீட்டுக்கே வந்து சன்னலையும் வாசல் கேட்டையும் பார்ப்பார்கள். பத்தாவது மாடியில் மெஷ் போடாத சன்னல் இருந்தால் பூனை கொடுக்கவே மாட்டார்கள், பூனை விழாது என்று நீங்கள் எவ்வளவு சொன்னாலும் சரி. நம்மவர்கள் சிலருக்கு இது கோபத்தைத் தரும், "நாமே பெரிய மனசு பண்ணி எடுக்க வர்றோம், நம்மளயே கேள்வி கேக்கறாங்க" என்று. பொண்ணு கொடுக்கிற வீட்டில் மாப்பிள்ளையை விசாரிக்காமலா கொடுப்பார்கள்? கோபப்படாமல் உண்மையைச் சொல்லுங்கள். பத்து மணி நேரம் வீடு காலி என்றால் அதற்கேற்ற விலங்கை அவர்களே காட்டுவார்கள். பொய் சொல்லித் துறுதுறு இளம் நாயை வாங்கிப் போனால் சோபா கிழிவது உங்கள் வீட்டில்தான்.

நீங்கள் கேட்க வேண்டியவையும் உண்டு, கூச்சப்படாதீர்கள். நாய் என்றால், உண்ணிக் காய்ச்சல் வந்திருக்கிறதா, இதயப் புழுச் சோதனை செய்தார்களா, இப்போது மாதாமாதம் என்ன மருந்து போடுகிறார்கள். நம் வெயிலுக்கும் மழைக்கும் உண்ணியும் கொசுவும் வருடம் முழுக்க உண்டு, காடும் தொழிற்பேட்டையுமாக வளர்ந்த நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் வந்திருப்பது ஆச்சரியமே இல்லை, மருந்தில் சரியாகக்கூடியதுதான், ஆனால் தெரிந்திருக்க வேண்டும். பூனை என்றால் எஃப்ஐவி (நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் வைரஸ்), எஃப்ஈஎல்வி (பூனை இரத்தப் புற்றுநோய் வைரஸ்) இரண்டுக்கும் இரத்தச் சோதனை முடிவைக் கேளுங்கள். எஃப்ஐவி இருக்கிற பூனையும் பல ஆண்டு நன்றாக வாழும், மனிதருக்கு ஒட்டாது, வீட்டில் வேறு பூனை இருந்தால் மட்டும் மருத்துவரிடம் பேசி முடிவெடுங்கள். யாரையாவது கடித்திருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். சாப்பாட்டுத் தட்டைத் தொட்டால் உறுமுமா, பிள்ளைகளோடு பழகியிருக்கிறதா, முன்பு யாராவது எடுத்துத் திருப்பிக் கொடுத்தார்களா, ஏன். நல்ல காப்பகம் குறையை மறைக்காது. "எல்லாம் ரொம்ப நல்ல நாய், நீங்க எடுத்துட்டுப் போங்க" என்று அவசரப்படுத்துகிற அமைப்பும் உண்டு, அங்கே அளவுகோல் மாறாது, கேள்வி கேட்காத இடத்தில் எடுக்க வேண்டாம்.

ஒரே நாளில் முடிவெடுக்காதீர்கள். வீட்டில் இருக்கிற எல்லோரும் ஒருமுறையாவது போய்ப் பாருங்கள், முடிந்தால் நடக்கக் கூட்டிப்போங்கள். கூண்டுக்குள் குரைக்கிற நாய் வெளியே வந்ததும் சாதுவாகிவிடும், கூண்டுக்குள் மூலையில் அசையாமல் இருந்தது சாது என்று நினைத்தால் அது பயத்தில் உறைந்திருக்கலாம். பிள்ளை முதலில் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தது எதுவோ அதையே எடுத்துவிடுகிற பழக்கம் நம்மிடம் உண்டு, அது வேண்டாம்.

காப்பகக்காரர்களிடம் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்கு உண்டு. மூன்று நாள் மிரண்டு கிடக்கும், மூன்று வாரத்தில் வீட்டு வழக்கம் பிடிபடும், மூன்று மாதத்தில் இது நம் வீடு என்று உணரும். விஞ்ஞான விதி எல்லாம் இல்லை, அனுபவக் கணக்கு. ஆனால் முதல் வாரமே "இது சரிப்படாது" என்று திருப்பிக் கொண்டுபோகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டிருந்தால் பாதிப் பேர் காத்திருப்பார்கள். முதல் வாரத்தில் சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டாம், பூனையாக இருந்தால் ஓர் அறையில் மட்டும் விட்டு வையுங்கள், கட்டிலுக்கு அடியில் இருந்தால் இருக்கட்டும்.

வாங்குவது என்று முடிவு செய்துவிட்டால்

எப்போது வாங்குவது நியாயம்? வீட்டில் யாருக்காவது ஒவ்வாமை இருக்கிறது, முடி அதிகம் கொட்டாத பூடில் மாதிரி இனம்தான் சரிவரும் என்றால். ஒவ்வாமையே தராத இனம் என்று ஒன்று கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன், குறைவாக இருக்கலாம், அவ்வளவுதான். அந்த இன நாயோடு சில மணி நேரம் இருந்து பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். வயதான பெற்றோர் தூக்கக்கூடிய எடையில்தான் வேண்டும், அப்படிச் சின்ன நாய் காப்பகங்களில் வந்த வேகத்தில் போய்விடுகிறது என்றால் அதுவும் காரணம்தான். ஒரு குறிப்பிட்ட இனத்தோடு வளர்ந்தவர், அதன் குணத்தை அறிந்தவர், அதுவே வேண்டும் என்கிறார், சரி. இன்ஸ்டாகிராமில் பார்த்தேன் என்பது மட்டும் காரணம் இல்லை.

வியாபாரமாக விற்கிறவருக்கு ஏவிஎஸ் எனும் விலங்குநல, கால்நடை மருத்துவச் சேவையின் உரிமம் வேண்டும். தேசியப் பூங்காக் கழகத்தின் கீழ் இயங்குகிற அமைப்பு அது, உரிமம் பெற்ற கடைகள், பிரீடர்கள் பட்டியலை இணையத்தில் வைத்திருக்கிறார்கள், போகிறதற்கு முன் பெயரைத் தேடிப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகாது. டெலிகிராமில் "வீட்டுக்குட்டி, விலை குறைவு, வாய்ட் டெக்கில் சந்திக்கலாம்" என்று வருகிறதே, அதைத் தொடவே வேண்டாம். அதில் சில எல்லை தாண்டி வந்தவை. உட்லண்ட்ஸ், துவாஸ் சோதனைச்சாவடிகளில் காரில் மாற்று டயர் வைக்கிற இடத்திலும் இருக்கைக்கு அடியிலும் பைக்குள் குட்டிகளை மறைத்து, சத்தம் போடாமல் இருக்க மயக்கம் கொடுத்துக் கொண்டுவந்து பிடிபடுகிற செய்தி அடிக்கடி வருகிறது, பல குட்டிகள் பிழைப்பதில்லை. உரிமம் இல்லாமல் இறக்குமதி செய்தால் 10,000 வெள்ளி வரை அபராதம், ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். வெறும் சட்டப் பிரச்சினையாக இதைப் பார்க்காதீர்கள்: சிங்கப்பூரில் 1953லிருந்து ரேபிஸ் இல்லை, அப்படியே வைத்திருப்பது இந்தச் சோதனைகள்தான். கடத்தி வந்த குட்டிக்குத் தடுப்பூசிப் புத்தகம் இருக்கும், ஆனால் பொய்யாக இருக்கும். பார்வோ வைரஸ் உடம்பில் இருந்தால் வாங்கும்போது துள்ளும், சில நாளில் இரத்த வயிற்றுப்போக்கோடு மருத்துவமனையில் கிடக்கும்.

இங்கே விற்கிற நாய்க்குட்டிகளில் நிறைய, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளிலிருந்து முறையாக வருபவை. அப்படியென்றால் இறக்குமதி உரிமம், அந்த நாட்டுக் கால்நடை மருத்துவச் சான்றிதழ் இரண்டையும் காட்டச் சொல்லுங்கள், அதில் இருக்கிற மைக்ரோசிப் எண்ணைக் கையோடு குட்டி மேல் ஸ்கேனர் வைத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். தயங்கினால் கிளம்பிவிடுங்கள். உள்ளூர் பிரீடர் என்றால் தாயைப் பார்க்க வேண்டும், இது பேரம் பேசுகிற விஷயமே இல்லை. தாய் எப்படி இருக்கிறது, எந்த இடத்தில் இருக்கிறது, ஆட்களைக் கண்டால் வாலாட்டுகிறதா ஒடுங்குகிறதா, இதைப் பார்த்தாலே குட்டியைப் பற்றி முக்கால்வாசி தெரிந்துவிடும். "தாய் வேற இடத்துல இருக்கு" என்று சொன்னால் அந்த வேற இடத்துக்குப் போகலாம் என்று சொல்லுங்கள்.

அப்புறம் இனம். அழகுக்காகத் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி இனப்பெருக்கம் செய்ததில் சில நோய்கள் இரத்தத்திலேயே ஊறிவிட்டன. ஸ்காட்டிஷ் ஃபோல்டு பூனையின் காது மடிந்திருப்பது அதன் குருத்தெலும்புக் கோளாறால்தான், அதே மரபணு மூட்டுகளையும் தாக்கும், வாழ்நாள் முழுக்க வலி. இதை வாங்கவே வேண்டாம் என்பது என் கருத்து, பிரீடர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். மூஞ்சி தட்டையான பக், ஃபிரெஞ்சு புல்டாக் இரண்டும் மூச்சு விடவே சிரமப்படும், நம் ஊர் வெயிலில் மத்தியானம் பத்து நிமிடம் நடந்தாலே ஆபத்து. சின்னப் பூடிலுக்கும் பொமரேனியனுக்கும் முழங்கால் சில்லு விலகும், கவாலியர் நாய்க்கு இதய வால்வுக் கோளாறு, பெர்சியன் பூனைக்குச் சிறுநீரகத்தில் நீர்க்கட்டி, மெயின் கூன், ராக்டால் பூனைகளுக்கு இதயத் தசை நோய் வரும். நல்ல பிரீடரிடம் "பெற்றோருக்கு என்ன சோதனை செய்தீர்கள்" என்று கேட்டால் முகம் மலர்ந்து தாள்களை எடுத்து வைப்பார். "எங்க குட்டிக்கு நோயே வராது" என்கிறவருக்குச் சோதனை என்றால் என்னவென்றே தெரியாது. "டீகப்" என்று சொல்லி விற்கிறார்களே, அது தனி இனம் இல்லை, மிகச் சிறியதாகப் பிறந்தவற்றை இன்னும் அதிக விலைக்கு விற்கிற தந்திரம், எலும்பும் சர்க்கரை அளவும் தொட்டால் போய்விடுகிற உடம்பு.

இன்னொன்று, கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற மெலிந்த குட்டியைப் பார்த்து மனசு கேட்காமல் வாங்கிவிடாதீர்கள். அந்தக் கூண்டு அடுத்த வாரமே நிரம்பிவிடும், உங்கள் காசில். நிலைமை மோசமாக இருந்தால் படம் எடுத்து ஏவிஎஸ்ஸுக்கோ எஸ்பிசிஏவுக்கோ தெரிவியுங்கள், அதுதான் அந்தக் குட்டிக்குச் செய்கிற உதவி. தவணை முறையில் கொடுக்கிறோம் என்கிற கடையையும் நான் நம்பமாட்டேன், விலையை ஒரேயடியாகக் கட்ட முடியாத வீடு நாளைக்கு அறுவைச் சிகிச்சைக்கு எங்கே போகும்?

எழுத்தில் ஒப்பந்தம் வாங்குங்கள். எத்தனை நாளுக்குள் நோய் தெரிந்தால் யார் செலவு, பிறவிக் குறை இருந்தால் என்ன, வளர்க்க முடியாமல் போனால் திரும்ப எடுப்பாரா. வாங்கிய ஓரிரு நாளில் உங்களுக்குத் தெரிந்த மருத்துவரிடம் காட்டுங்கள், கடை சொல்கிற மருத்துவரிடம் இல்லை.

காசு

தத்து எடுத்தால் காப்பகம் சில நூறு வெள்ளி கேட்கலாம், அதற்குள் கருத்தடை, தடுப்பூசி, மைக்ரோசிப் எல்லாம் பெரும்பாலும் அடங்கிவிடும். பிரீடரிடம் சில ஆயிரம். இந்த வித்தியாசத்தைப் பார்த்து "தத்து எடுத்தால் மலிவு" என்று முடிவு செய்யாதீர்கள், ஏனென்றால் பத்துப் பதினைந்து ஆண்டுச் செலவில் இந்தத் தொகை சின்னது. நாய் உரிமம் கருத்தடை செய்ததற்கு ஆண்டுக்கு 15 வெள்ளி, செய்யாததற்கு 90. சாப்பாடு, உண்ணி மருந்து, முடி வெட்டுவது, போர்டிங் என்று மாதாமாதம் போய்க்கொண்டே இருக்கும். மருத்துவரிடம் ஒருமுறை போய் நூறு வெள்ளிக்குள் திரும்பினால் அன்று நல்ல நாள். எம்ஆர்டியிலும் பேருந்திலும் வழிகாட்டி நாயைத் தவிர வேறு விலங்கை ஏற்ற முடியாது, சொந்தக் கார் இல்லையென்றால் கிராப்பெட் மாதிரி வாடகைக் கார்தான், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு என்று சில ஆயிரம் ஒதுக்கி வைக்க முடியாது என்றால் இப்போது எந்த வழியும் வேண்டாம், காத்திருங்கள்.

இரண்டுக்கும் நடுவில்

இனம் முக்கியம், ஆனால் விற்பனைக் கடையும் பிடிக்கவில்லை என்றால், இனப்பெருக்கத்துக்கு வைத்திருந்து ஓய்வு கொடுத்த நாய்களை மீட்டுத் தத்து கொடுக்கிற குழுக்கள் இருக்கின்றன. பூடில், ஷி ட்சு, மால்டீஸ் எல்லாம் வரும். ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு எடுங்கள், வாழ்நாள் முழுக்கக் கூண்டில் இருந்ததால் படி ஏறத் தெரியாது, கழிப்பிடப் பழக்கம் இருக்காது, பல் கெட்டிருக்கும். பொறுமை இருக்கிற, ஓய்வு பெற்ற தம்பதிக்கு இதைவிட நல்ல நாய் கிடைக்காது.

நாடு விட்டுப் போகிறவர்கள், குழந்தை பிறந்தவர்கள் கொடுக்கிற நாயையும் நேரடியாக எடுக்கலாம். ஏன் கொடுக்கிறார்கள் என்பதை இரண்டு தடவை, வேறு வேறு ஆட்களிடம் கேளுங்கள்.

வீட்டில் ஒருவர் ஆசைப்பட்டு இன்னொருவர் தயங்கினால், தற்காலிக வளர்ப்புதான் என் பரிந்துரை. காப்பகங்களுக்கு எப்போதும் அப்படி வீடுகள் தேவை, மருத்துவச் செலவைப் பெரும்பாலும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். சில வாரத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும், ஆறு மணிக்கு எழுந்தது யார், பாட்டி என்ன ஊட்டினார், பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பம் லிஃப்டில் என்ன சொன்னது என்று. லிஃப்டில் ஆள் இருந்தால் அடுத்ததற்குக் காத்திருப்பது நல்ல பழக்கம், நாயைக் கையில் தூக்கிக்கொண்டாலும் சரிதான். வீவக வீட்டில் இருந்தால் தற்காலிக வளர்ப்புக்கு என்ன விதி என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், மறக்க வேண்டாம்.

எந்த வழியில் வந்தாலும் முதல் வாரத்திலேயே காகித வேலையை முடித்துவிடுங்கள். மூன்று மாத வயதைத் தாண்டிய நாய்க்கு உரிமம் கட்டாயம், இல்லையென்றால் 5,000 வெள்ளி வரை அபராதம். ஏவிஎஸ்ஸின் பால்ஸ் இணையத்தளத்தில் செய்துகொள்ளலாம். முதல்முறை பூனை உரிமம் எடுப்பவர்கள் இலவச இணையப் பாடம் ஒன்றை முடிக்க வேண்டும். பழைய உரிமையாளர் பெயரில் உரிமம் இருந்தால் உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லி, மாறிவிட்டதா என்று நீங்களே உள்ளே போய்ப் பாருங்கள். மைக்ரோசிப் எண்ணோடு இருக்கிற தொலைபேசி எண் உங்களுடையதா என்பதையும்தான். பழைய எண்ணே இருந்தால், நாய் கேட்டைத் தாண்டி ஓடி எவராவது பிடித்துக் கொடுக்கிற அன்றைக்கு அழைப்பு கடைக்காரருக்குப் போகும்.